ஆள்கடத்தல் வழக்கு விசாரணையை ஆராய்வது எப்படி? கொங்கு மாவட்டங்களின் இளம் ஆய்வாளர்களுக்கு

திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஆள்கடத்தல் வழக்குகள் எப்படி விசாரிக்கப்படுகின்றன, நீதிமன்றத்தில் எப்படி முடிகின்றன என்று ஆராய விரும்புவோர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்காமல் இருப்பது நல்லது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான ஒன்றின் கீழ் மட்டுமே அந்த வழக்கைக் காப்பகம் கணக்கில் சேர்க்கிறது. கொலையோ பாலியல் வன்கொடுமையோ கலந்த ஆள்கடத்தல் வழக்கு வேறு தலைப்பின் கீழ் போய்விடக்கூடும். எனவே, ஒரு மாவட்டத்துக்கு நேராகச் சுழியம் என்று இருப்பது அங்கே குற்றம் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

வழக்குகளை அவை பதிவாகியிருக்கும் பெயரிலேயே தேட வேண்டும். 'கடத்தல்' என்ற சொல் தமிழில் பணத்துக்காக ஒருவரைத் தூக்கிச் செல்வதையும், பொருள்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருவதையும், மனிதரைச் சுரண்டலுக்காக அழைத்து வருவதையும் சேர்த்தே குறிக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி தான் கடத்தப்பட்டதாக ஒருபோதும் சொல்லமாட்டார். "அட்வான்ஸ் வாங்கியிருக்கறனுங்க, அது தீராம போக முடியாதுங்க" என்பார். நூற்பாலைகளுக்கு வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்ற பெயர்களில் அறியப்பட்டது. ஆகவே செய்தித்தாள் கோப்புகளிலும் தீர்ப்புகளிலும் தேடும்போது கொத்தடிமை, முன்பணம், மீட்பு, பெண் காணவில்லை, குழந்தைத் தொழிலாளர் ஆகிய சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைக் காலவாரியாகப் பிரித்துக்கொள்வது அடுத்த வேலை. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு ஆள்கடத்தலுக்கான பிரிவாக மாற்றி எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நிகழ்ந்த குற்றங்களுக்கு, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு பொருந்துகிறது. ஆள் சேர்த்தல், கொண்டுசெல்லுதல், அடைக்கலம் தருதல், பிறரிடம் ஒப்படைத்தல், பெறுதல் ஆகிய செயல்களில் ஒன்று, மிரட்டலோ ஏமாற்றோ ஆசைகாட்டலோ போன்ற ஒரு வழி, சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றையும் அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல. இப்பிரிவின் விளக்கத்தில் பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், உறுப்பு அகற்றல் முதலியவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தும், கட்டாய உழைப்பு என்ற சொல் அங்கே இல்லை. நூலும் தறியும் செங்கலும் பிழைப்பாக உள்ள வட்டாரத்தில் இந்த இடைவெளி மிகப் பெரிது என்பது என் கருத்து. விசாரணை அதிகாரி 143ஐ விட்டு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன் காரணத்தைக் கண்டறிவதே ஒரு தனி ஆய்வுக்குப் போதுமானது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. ஆயினும் குறைந்த கூலி எல்லாம் ஆள்கடத்தல் ஆகிவிடாது. இரண்டையும் கலந்து எழுதினால் ஆய்வு வலுவிழக்கும்.

ஆய்வின் அலகாக மாவட்டத்தையோ ஆண்டையோ கொள்ளாமல் ஒரு வழக்கைக் கொள்ளுங்கள். புகார் வந்த நாள், மீட்ட நாள், முதலில் போட்ட பிரிவுகள், குற்றப்பத்திரிகையில் எஞ்சிய பிரிவுகள், நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வாக்குமூலம் பதிவான நாள், சாட்சிகள் நீதிமன்றம் வந்த நாள்கள், தீர்ப்பு என வரிசையாகக் குறித்தால், வழக்கு எந்த இடத்தில் தளர்ந்தது என்பது புலப்படும். கொத்தடிமைச் சட்டத்தின்படி மீட்பும் விடுதலைச் சான்றிதழும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. கோட்டாட்சியர் போன்ற வருவாய் அலுவலரே நிர்வாக நடுவராக இருந்து விசாரிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. அமர்வு நீதிமன்றத்தில் மட்டும் தேடுபவர் பாதிக் கதையைத்தான் பார்ப்பார். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுங்கள். விசாரணை நடக்கும் வழக்குகளில், விசாரணைக்கு இடையூறாகும் தகவலைத் தர மறுக்க இடம் தரும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புள்ளதால், முடிந்த வழக்குகளையே முதலில் கேளுங்கள். தீர்ப்புகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் எடுக்கலாம். கீழமை நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலேயே உள்ளன. அவற்றைப் பகுக்கும்போது 'விடுதலை' என்ற சொல்லில் கவனம் வேண்டும். குற்றவாளி அல்ல என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுவிக்கப்படுவதற்கும் தொழிலாளி கொத்தடிமையிலிருந்து மீள்வதற்கும் நாம் ஒரே சொல்லையே ஆள்கிறோம்.

பேட்டிகளைக் காவல்துறை, அரசு வழக்கறிஞர், வருவாய் அலுவலர் என்ற வரிசையில் நடத்தி, பாதிக்கப்பட்டவர்களைக் கடைசியாகச் சந்தியுங்கள். ஒடிசாவுக்கோ ஜார்கண்டுக்கோ திரும்பிவிட்ட சாட்சிக்குச் சம்மன் எப்படிப் போனது, மொழிபெயர்த்தவர் யார், அவரை மில் தரப்பு அழைத்து வந்ததா, சாட்சி பிறழ்ந்தால் அதற்கு முன் எத்தனை வாய்தா கடந்திருந்தது என்று கேளுங்கள். தண்டனை விகிதத்தைவிட இவை பலமடங்கு சொல்லும்.

வழக்கு நிலுவையில் உள்ள ஒருவரிடம் நடந்த நிகழ்வைத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் உள்ள சொல்லும் நீதிமன்றச் சாட்சியமும் ஒரு தேதியில் வேறுபட்டாலே எதிர்த் தரப்புக்கு அது ஆயுதமாகலாம். விசாரணை அவருக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டால் போதும். மில் விடுதியிலோ மேற்பார்வையாளர் முன்னிலையிலோ பேட்டி எடுப்பது அறவே கூடாது. பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஊரும் ஆலையின் வகையும் ஆண்டும் ஒன்றாக அச்சேறினால், பல்லடம் பக்கம் அது யார் என்று சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கிறது.

பேட்டியின்போது சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை ஆய்வாளருக்கும் உண்டு. ஆகையால் எல்லாவற்றையும் இரகசியமாக வைப்பேன் என்று வாக்களிக்காதீர்கள். இந்த வரம்பை ஒப்புதல் படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதி, எதிரே இருப்பவருக்குத் தெரிந்த மொழியில், கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னரே வாசித்துக் காட்டுங்கள்.