சிவப்புக் காற்சட்டை மாதம்: நோர்வேக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

நோர்வேக்கு வந்த முதல் வருடம், மே மாதத்தில் ஒரு விடியற்காலை வேலைக்குப் போகப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். அங்கே வாங்கில் இரண்டு பிள்ளைகள் தோள்பட்டி வைத்த சிவப்புக் காற்சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். உடுப்பு முழுக்கப் பேனாக் கிறுக்கல். கராஜில் இரவு வேலை செய்து களைத்துப்போன பிள்ளைகளாக்கும் என்று இரக்கப்பட்டேன். வேலைத்தலத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அவர்களுக்கு இங்கே 'ருஸ்' என்று பெயர். மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டை, அதோடு மொத்தப் பதின்மூன்று வருடப் பள்ளிப் படிப்பையும், முடிக்கப்போகும் 18, 19 வயதுப் பிள்ளைகள். வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கொண்டாட்டம் தேசிய தினமான மே 17 அன்று ஊர்வலத்தோடு முடியும். சிவப்புத் தொப்பி 1905இல் வந்தது. 1916இல் வர்த்தகம் படித்தவர்கள் நீலத்துக்கு மாறினார்கள். தொழிற்கல்விப் பிள்ளைகளுக்குக் கறுப்பு. அந்தக் காற்சட்டையைக் கொண்டாட்டம் முடியும்வரை தோய்க்கக்கூடாது என்பது வழக்கம். நீங்கள் இரகசியமாக எடுத்து மெஷினில் போட்டுவிடாதீர்கள், வீட்டில் பெரிய சண்டை வரும்.

தொப்பியில் பட்டப்பெயர் எழுதியிருக்கும், குஞ்சம் தொங்கும். ஏதாவது சவாலைச் செய்து முடித்தால் குஞ்சத்தில் ஒரு முடிச்சு. இரவு முழுக்க மரத்தில் தூங்கினால் ஒரு குச்சியைக் கட்டிக்கொள்ளலாம். இப்படிப் பகிடியானவை நிறைய உண்டு. குடி, பாலுறவு, வீதியில் விபரீத விளையாட்டு சம்பந்தப்பட்ட சவால்களும் உண்டு. முடிச்சுப் பட்டியலை மாணவர்களே தயாரிப்பார்கள். பிள்ளையிடம் வாங்கி வாசித்துப் பாருங்கள். திட்டுவதற்காக அல்ல, எதைச் செய்யமாட்டாய் என்று முன்கூட்டியே கதைத்துக்கொள்வதற்காக.

என்னைக் கேட்டால், காற்சட்டையும் தொப்பியும் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை பஸ்தான். ஒஸ்லோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பஸ்ஸை வாங்குவார்கள் அல்லது வாடகைக்கு எடுப்பார்கள். பெரிய ஒலிபெருக்கி, விளக்கு, தங்கள் பஸ்ஸுக்கென்று காசு கொடுத்துச் செய்வித்த பாட்டு என்று இரவிரவாகச் சுற்றுவார்கள். செலவு பல இலட்சம் குரோனர். பத்து இலட்சத்தைத் தாண்டிய பஸ்களும் உண்டு. புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், பஸ் குழு மே மாதத்தில் உருவாவதில்லை. மேல்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டிலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே, யார் உள்ளே யார் வெளியே என்று முடிவாகிவிடும். வெளியே விடப்பட்ட பிள்ளை மூன்று வருடமும் அந்தக் காயத்தோடு திரியும். என் மகள் பஸ் காசு கேட்டபோது நான் உடனே "முடியாது" என்றேன். அவள் ஒரு வருடமாகப் பகுதிநேர வேலைக் காசை அங்கே கட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆகவே பிள்ளை முதலாம் ஆண்டில் இருக்கும்போதே கேளுங்கள். பஸ் குழுவுக்கு ஒப்பந்தப் பத்திரம் இருந்தால் வாசியுங்கள்: இடையில் ஒருவர் விலகினால் கட்டிய காசு திரும்புமா, மிச்சக் கடன் யார் தலையில்? வசதியில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பஸ் இல்லாமல் கொண்டாடுபவர்கள் ஏராளம். பழைய வான் ஒன்றை எடுப்பவர்கள், குடியைத் தவிர்க்கும் கிறிஸ்தவ ருஸ் குழுக்கள் எல்லாம் இருக்கின்றன.

சரி, குடி. 18 வயதில் பியரும் வைனும் சட்டப்படி வாங்கலாம். கடும் மதுவுக்கு 20 ஆகவேண்டும். வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவுக்கான எல்லை 0.2 புரோமில்தான் (ஆயிரத்தில் 0.2 பங்கு), ஒரு பியரே அதைத் தாண்டவைக்கலாம். "எந்த நேரமென்றாலும் எனக்கு ஃபோன் அடி, நான் வந்து ஏற்றுகிறேன், அன்றைக்கு ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று சொல்லிவையுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். மகனை விட்டுவிட்டு மகளை மட்டும் வீட்டில் பூட்டுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பூட்டப்பட்டவள் சிநேகிதி வீட்டில் உடுப்பு மாற்றிக்கொண்டு போவாள், ஆபத்து வந்தால் உங்களுக்கு மட்டும் அடிக்கமாட்டாள்.

ஒரே போத்தலில் பலர் குடிப்பதால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக் கிருமி பரவும். 16 முதல் 19 வயதினருக்கு அதற்கான தடுப்பூசியைச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. பொதுவாகக் காசு கட்டவேண்டும். ஏப்ரலில் ஓடித் திரியாமல் குளிர்காலத்திலேயே போட்டுவிடுங்கள்.

படிப்பு விஷயத்தில் ஒரு கணக்கு. ஒரு பாடத்தில் காரணமில்லாமல் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் வராமல் விட்டால் அந்தப் பாடத்துக்குப் புள்ளி கிடைக்காமல் போகலாம். எழுத்துப் பரீட்சைகள் நெடுங்காலமாகக் கொண்டாட்டத்தோடு முட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. கொண்டாட்டத்தைப் பரீட்சைக்குப் பின்னால் தள்ளவேண்டும் என்ற பேச்சு அரசாங்கம்வரை போனது. அந்தந்த வருடத் தேதிகளைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு: ஒவ்வொரு ருஸும் தன் படமும் பகிடி வசனமும் போட்ட சிறு அட்டைகள் அச்சடித்து வைத்திருப்பார். மே 17 அன்று பிள்ளைகள் "ருஸ்ஸெகோர்ட்!" (ருஸ் அட்டை) என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிச் சேர்ப்பார்கள். உங்கள் பிள்ளையையும் விடுங்கள், நோர்வேஜிய மொழி தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் போதும். வீட்டுக்கு வந்ததும் சேர்த்த அட்டைகளை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். சில வசனங்கள் ஏழு வயதுக்கு ஏற்றவை அல்ல.