மண் சாம்பிளுக்கு பிப்பெட் ரோபோ: ஸ்டார்ட் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன மண் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். மேட்டூர வழக்கமா ஜூன் 12 திறப்பாங்கங்குற கணக்குல சித்திரை கடைசிலேந்தே குறுவைக்காரங்க மஞ்சப்பை மஞ்சப்பையா மண்ணு கொண்டாந்து வச்சிடுவாங்க, எல்லாருக்கும் ரிசல்ட் நாளைக்கே வேணும், இங்க நமக்கு பிப்பெட் (திரவத்த துளித்துளியா அளந்து எடுத்து விடுற கருவி) அமுக்கி அமுக்கி கட்டைவிரல் வீங்கிப்போயிருக்கும். ரோபோ வாங்குனது அந்த வலியிலதான். வாங்கப்போறவங்களும் வாங்கிட்டு முழிக்கிறவங்களும் படிங்க.

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், மண்ண காயவச்சு சலிக்கிறது, எடை போடுறது, ஷேக்கர்ல ஆட்டுறது, வடிகட்டுறது எல்லாம் இன்னும் நம்ம கைவேலைதான். தெளிஞ்ச தண்ணியா வந்ததுக்கு அப்புறம், இங்கேந்து எடுத்து அங்க விடு, கலக்கு, டிப்ப (பிப்பெட் முனைல மாட்டுற பிளாஸ்டிக் குழல) தூக்கிப்போடுங்குற வேலைய மட்டும்தான் அது பாக்கும். உதாரணத்துக்கு ஓப்பன்ட்ரான்ஸ் ஓடி-2ன்னு ஒன்னு இருக்கு, டெக்ல, அதாவது பிளேட்டெல்லாம் வைக்கிற மேடைல, 11 ஸ்லாட்டு, மேல ரெண்டு பிப்பெட் மாட்டலாம், பைத்தான்ல எழுதியும் ஓட்டலாம், கோடிங் தெரியாதவங்க ஸ்க்ரீன்ல இழுத்துவிட்டும் புரோகிராம் பண்ணலாம். வேற கம்பெனி மெஷினா இருந்தாலும் கீழ சொல்றதுல முக்காவாசி பொருந்தும், ஏன்னா 96 வெல் பிளேட்டு (96 சின்னச்சின்ன குழி இருக்குற தட்டு, குழிதான் வெல்) எந்த கம்பெனியா இருந்தாலும் வெளி அளவு 127.76க்கு 85.48 மில்லிமீட்டர், வெல்லுக்கு வெல் 9 மில்லிமீட்டர். ஆனா வெல்லோட ஆழமும் அடி வடிவமும் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத புரோகிராம்ல சரியா சொல்லாம விட்டா டிப்பு தரையில போய் முட்டும், இல்லாட்டி காத்த உறிஞ்சும்.

மெஷின் வந்த அன்னைக்கே சாம்பிள வைக்காதீங்க. நாலு டெசிமல் தராசுல ஒரு குட்டி பாட்டில வச்சு, ரோபோவ 100 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லில பத்துல ஒரு பங்கு) டிஸ்டில்டு வாட்டர் பத்து தடவ விடச்சொல்லி ஒவ்வொரு தடவையும் எடைய எழுதுங்க. 30 டிகிரில 100 மைக்ரோலிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 99.5 மில்லிகிராம் இருக்கும். சராசரி ஒரு சதவீதத்துக்குள்ள நின்னா எனக்கு போதும், அதுக்கு மேல ஓடுச்சுன்னா டிப்பு சரியா உக்காரலன்னு அர்த்தம், பெரும்பாலும் வெல கம்மின்னு வாங்குன டிப்புதான் காரணமா இருக்கும். இத செய்யும்போது ஃபேன நிறுத்துங்க. மே மாசம் ஃபேன் இல்லாம நிக்கிறது நரகம்தான், ஆனா காத்துல தராசும் ஆடும் தண்ணியும் ஆவியாகும். இன்னொன்னு, ஃபிரிட்ஜ்லேந்து எடுத்த ரீஏஜன்ட்ட (சோதனைக்கு சேக்குற ரசாயனத்த) அப்படியே டெக்ல வைக்காதீங்க. பிப்பெட்டுக்குள்ள இருக்குற காத்து சூட்டுக்கு விரியும் குளிருக்கு சுருங்கும், அளவு தப்பும். அரை மணி நேரம் வெளிய வச்சிட்டு எடுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். நம்ம பக்கத்து மண்ணு பெரும்பாலும் நியூட்ரல், இல்லாட்டி காரம், அதனால பாஸ்பரஸுக்கு ஓல்சன் முறை: 2.5 கிராம் மண்ணு, பிஎச் 8.5 வச்ச 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 50 மில்லி, 30 நிமிஷம் ஷேக்கர். வடிகட்டுனதுல நிறம் நீக்க போட்ட கரித்தூளோ களிமண்ணோ மிதந்தா ரோபோவுக்கு அது தெரியாது, டிப்பு அடைச்சாலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால சந்தேகமா இருந்தா ஒரு தடவ சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்திட்டு, புரோகிராம்ல டிப்ப அடியிலேந்து கொஞ்சம் தூக்கி எடுக்கச் சொல்லுங்க.

நான் வாங்குன அடி இங்கதான். நிறம் வரவைக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்ட்ராக்ட்ல (வடிகட்டுன தண்ணில) இருக்குற பைகார்பனேட்ட ஆசிட் விட்டு போக்கணும். கையில பண்ணும்போது பெரிய ட்யூப்ல ஆசிட்ட மெதுவா விட்டு பழக்கம், ரோபோவுல அதையே அளவு குறைச்சு நேரா 96 வெல் தட்டை பிளேட்லயே ஆசிட்ட வேகமா விடச்சொல்லிட்டேன். எல்லா வெல்லும் ஒன்னா பொங்கி பக்கத்து வெல்லுல வழிஞ்சுச்சு. எட்டிப்பாத்த எங்க சீனியர் அக்கா, "என்ன தம்பி, கோலி சோடா கடையா நடத்துற?"ன்னு கேட்டாங்க. "ஆசிட்டுதான்க்கா விட்டேன்"ன்னேன். "கணக்கு போட்டு பாத்தியா?"ன்னாங்க. போடல. அப்புறம் போட்டேன், 200 மைக்ரோலிட்டர் எக்ஸ்ட்ராக்ட்ல இருக்குற பைகார்பனேட்டுக்கு 2.5 மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட் 20 மைக்ரோலிட்டர் சரியா வருது, ஆனா அதுலேந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு 2 மில்லிக்கு மேல, அதாவது விட்ட தண்ணிய விட பத்து மடங்குக்கு மேல. அது பாவம் எங்க போகும்.

அதனால இப்ப ஆசிட் வேலைய வெல்லுக்கு 2 மில்லிலிட்டர் கொள்ளுற ஆழமான பிளேட்ல பண்றோம். டிப்ப வெல் வாயிக்கு உள்ள கொஞ்சம் இறக்கி, திரவத்த தொடாம, ஓரமா மெதுவா விடச்சொல்லணும், பத்து நிமிஷம் சும்மா நிறுத்தி வைக்கணும், கலக்குறது அதுக்கப்புறம்தான். பாரா நைட்ரோஃபீனால் ஒரு சொட்டு போட்டா மஞ்ச போயிடுச்சான்னு பாத்து ஆசிட் போதுமான்னு தெரிஞ்சுக்கலாம். பிறகு தட்டை பிளேட்டுக்கு மாத்தி மாலிப்டேட், அஸ்கார்பிக் ஆசிட் கலவைய விட்டு, பாஸ்பரஸுக்கு ஏத்த நீலம் வந்து நின்னதும் பிளேட் ரீடர்ல 880 நானோமீட்டர்ல படிக்கணும். ஒரு குமிழி வெல் நடுவுல நின்னாலும் ரீடிங் எகிறும், ஊசி முனையால ஒடைச்சிடுங்க.

பிளேட்டு அமைப்பு எங்களுக்கு இப்படி: முதல் காலம் (மேலேந்து கீழ வர்ற வரிசை) எட்டு வெல்லும் ஸ்டாண்டர்டு (பாஸ்பரஸ் அளவு தெரிஞ்ச கரைசல்), கடைசி காலத்துல பிளாங்க்கும் (மண்ணே சேக்காத வெறும் கரைசல்) நமக்கு ரிசல்ட் தெரிஞ்ச ஒரு பழைய மண்ணும், நடுவுல 80 வெல்லு, அதாவது ஒரு மண்ணுக்கு ரெண்டு வெல்லு வச்சா 40 சாம்பிள். ஸ்டாண்டர்டுக்கு 0.4394 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் ஒரு லிட்டர்ல கரைச்சா 100 பிபிஎம் பாஸ்பரஸ், அத அந்த பைகார்பனேட்லயே நீர்த்து வைக்கணும், வெறும் தண்ணில பண்ணா சாம்பிளோட ஒத்துப்போகாது. ரீஏஜன்ட்ட கணக்கா ஊத்தாதீங்க, வெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர்னா 96க்கு 4.8 மில்லி, தொட்டில ஆறரை மில்லி ஊத்துங்க, அடியில நிக்கிறது டிப்புக்கு எட்டாது. சாம்பிளுக்கு ஒவ்வொன்னுக்கும் புது டிப்பு. ரீஏஜன்ட்டுக்கு மட்டும் மேலேந்து தொடாம விட்டா ஒரே டிப்பு ஓடும், டிப்பு செலவு ரொம்ப குறையும்.

எந்த மண்ணு எந்த வெல்லுன்னு ரோபோவுக்கு தெரியாது. பையில "மேலத்தெரு வாய்க்கா கரை"ன்னு எழுதி வரும், அப்படி மூனு பை இருக்கும். வாங்கும்போதே நம்பர் போட்டு, ட்யூப் அடுக்குற வரிசைய சிஸ்டத்துல ஏத்திட்டு ஓட்டுங்க. பிளேட்டு தலைகீழா போகாம இருக்க ஏ1 மூலைல மார்க்கர்ல ஒரு புள்ளி.

எத்தனாலு மாதிரி ஆவியாகுறது டிப்புலேந்து சொட்டும், ரெண்டு மூனு தடவ உறிஞ்சி விட்டுட்டு எடுத்து கடைசில கொஞ்சம் காத்தும் இழுத்துக்கச் சொல்லுங்க. கிளிசரால் மாதிரி கொழகொழன்னு இருக்கறத மெதுவா எடுக்கணும். நெல்லு டிஎன்ஏ எடுக்குறவங்க குளோரோஃபார்ம டெக்ல கொண்டாராதீங்க, பாலிஸ்டைரின் பிளேட்டு கரைஞ்சிடும்.

அப்புறம் கரண்ட். யுபிஎஸ் இல்லாம ஓட்டவே வேணாம். நடுவுல நின்னு போச்சுன்னா எந்த காலத்துல விட்டோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்னு நம்பாதீங்க, எழுதும்போதே ஆரம்ப காலம் எதுன்னு கேக்குற மாதிரி எழுதிட்டா ஆறாவது காலத்துல நின்னா அங்கேந்தே தொடரலாம். புது புரோகிராம் எதுவா இருந்தாலும் மொதல்ல சிமுலேஷன், அப்புறம் வெறும் தண்ணி, சிவப்பு கலர் ஒரு சொட்டு கலந்து, வெள்ளை பேப்பர பிளேட்டுக்கு அடியில வச்சு பாருங்க, எந்த வெல்லு வெளுப்பா இருக்கோ அங்கதான் பிரச்சனை. சாயந்திரம் கெளம்பும்போது டெக்க ஈரத்துணியால துடைச்சிடுங்க, பைகார்பனேட்டு காஞ்சு வெள்ளையா உப்பு பூத்துச்சுன்னா மறுநாள் பிளேட்டு சரியா உக்காராது, ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிக்கும்.