பழைய தேநீர்க் கோப்பைகள் சேகரிக்க ஆசையா? இப்படித் தொடங்குங்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் ஒரு விதி வந்தது. பூவேலையும் வண்ணமும் போட்ட பீங்கானை உள்நாட்டில் விற்கக் கூடாது, அதெல்லாம் ஏற்றுமதிக்கு. வீடுகளுக்கு வெறும் வெள்ளைக் கோப்பைதான். போர் முடிந்த பிறகும் நீடித்த அந்தத் தடை 1952இல் விலகியதும் அத்தனை நாள் அடக்கிவைத்த வண்ணமெல்லாம் கோப்பைகளில் வந்து கொட்டியது. வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி டெய்ட் 1956இல் மிட்விண்டர் நிறுவனத்துக்காக வரைந்த வரிக்குதிரைக் கோடுகளைப் பார்த்தாலே அந்த உற்சாகம் புரியும்.

இந்த 1950களின் கோப்பைகளில் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பங்கள் தினமும் குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. எனக்கு இவற்றின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான். அதனால் அரிய பொருளைத் துரத்த வேண்டாம். கைக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

1. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

பார்ப்பதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையும், கண் பழகாது. முதலில் ஒரே வடிவமைப்பாளர் அல்லது ஒரே அலங்காரம் போதும். ஈனிட் சீனியின் ‘ஹோம்மேக்கர்’ நல்ல தொடக்கம். ரிட்ஜ்வே நிறுவனம் தயாரித்து, 1957 முதல் வூல்வொர்த் கடைகளில் மலிவாக விற்றது. வெள்ளைப் பரப்பில் கறுப்பு நிறத்தில் நாற்காலி, விளக்கு, செடித்தொட்டி என்று அந்தக் கால வீடே வரையப்பட்டிருக்கும். இலைகள் பிடிக்குமென்றால் ஸ்வீடனின் குஸ்தாவ்ஸ்பெரி நிறுவனத்துக்காக ஸ்டிக் லிண்ட்பெரி வரைந்த ‘பெர்சோ’ இருக்கிறது. அலங்காரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபின்லாந்தின் காய் ஃபிராங்க். அவருடைய ‘கில்டா’ ஒற்றை நிறத்திலேயே மனதை அள்ளிவிடும்.

2. கவிழ்த்துப் பாருங்கள்

கோப்பையின் வயது பெரும்பாலும் அடியில்தான் எழுதியிருக்கும். ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருந்தால் அமெரிக்கா ஜப்பானை நிர்வகித்த காலம். 1952க்குப் பிந்தியதாக இருக்காது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அச்சிட்டிருந்தால் அது 1950களின் சரக்கே இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி. பெர்சோ போன்ற புகழ்பெற்ற அலங்காரங்களை மறுபடியும் தயாரித்து விற்கிறார்கள் என்பதால் முத்திரையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இணையத்தில் வாங்குகிறீர்களா? அடிப்பாகத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

3. விரலால் தடவுங்கள், நகத்தால் தட்டுங்கள்

விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுகூட விரலுக்குத் தெரியும். அப்புறம் கோப்பையை உள்ளங்கையில் வைத்து விளிம்பை நகத்தால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம். கைப்பிடி உடலோடு சேரும் இரண்டு இடங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள், ஒட்டவைத்த தடம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மேற்பூச்சில் சிலந்திவலை போல மெல்லிய கோடுகள் தெரிகிறதா? பூச்சும் உள்ளிருக்கும் மண்ணும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது அது. அலங்காரத்துக்கு வைக்கலாம். குடிக்க வேண்டாம், ஈரமும் கறையும் அதற்குள் இறங்கிவிடும்.

4. குடிப்பதற்கு முன்

அந்தக் காலத்துப் பூச்சுகளிலும் வண்ணங்களிலும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. உட்புறம் வண்ணமில்லாமல், பூச்சு தேயாமல் இருக்கும் கோப்பையில் ஆபத்து குறைவு. ஆனால் பார்வையை மட்டும் நம்பி உறுதியாகச் சொல்ல முடியாது. தினமும் குடிக்கப் போகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. எலுமிச்சைத் தேநீர் போன்ற புளிப்பான பானங்களை இவற்றில் ஊற்றவே வேண்டாம், புளிப்பு ஈயத்தை வேகமாகக் கரைத்து எடுக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

5. கழுவுவதும் அடுக்குவதும்

வெதுவெதுப்பான நீர், மென்மையான பஞ்சு, கை. அவ்வளவுதான். தங்க விளிம்பு உள்ளவற்றை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். தேநீர்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, தேய்க்காமல் சற்று ஊறவைத்துக் கழுவுங்கள். பிளீச் பக்கம் போகாதீர்கள், பூச்சைக் கெடுத்துவிடும்.

கைப்பிடியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டால் கோப்பையின் மொத்த எடையும் அந்த இணைப்பில்தான் விழும். தட்டையாக வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வேண்டிய நிலை வந்தால் நடுவில் ஒரு துணியாவது இருக்கட்டும்.