வீட்டிலேயே கற்பிப்போர் மொழிப்பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பலர், கணிதத்துக்கு ஒரு பாடத்திட்டத்தை விரைவில் முடிவுசெய்துவிட்டு, மொழிப்பாடத்துக்கு வரும்போது திணறிப்போகிறார்கள். மொழிப்பாடம் என்ற ஒரே பெயருக்குள் எழுத்துக்கூட்டிப் படித்தல், பிழையற எழுதுதல், கையெழுத்து, சொல்வளம், இலக்கணம், பொருள் உணர்தல், கட்டுரை என்று பல திறன்கள் அடங்கியிருப்பதும், அவை ஒரு பிள்ளையிடம் ஒரே சீராக வளராததுமே அதற்குக் காரணம். நான்காம் வகுப்புக்குரிய கதையைத் தங்குதடையின்றிப் படிக்கும் பிள்ளை, இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதத் தடுமாறலாம். ஆகவே, அட்டையில் அச்சிட்ட வகுப்பு எண்ணைப் பார்த்து முழுத் தொகுப்பையும் வாங்குவதற்கு முன், பிள்ளை ஒவ்வொரு திறனிலும் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்வதே முதல் வேலை.

அதற்குப் பெரிய தேர்வு தேவையில்லை. பிள்ளை இதுவரை பார்த்திராத நூலிலிருந்து சுமார் நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தவறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்துக்குள் தவறினால், பெரியவர் துணையுடன் படித்துக் கற்க அந்த நிலை பொருந்தும். பத்தைத் தாண்டினால் அது இப்போதைக்குக் கடினம் என்பது வாசிப்பு ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு. படித்ததைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, அதே அளவுள்ள வேறொரு பகுதியை நீங்கள் படித்துக் காட்டி, அதையும் சொல்லச் சொல்லுங்கள். காதால் கேட்டது புரிந்து, தானே படித்தது புரியவில்லை என்றால், குறை எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. இரண்டுமே புரியவில்லை என்றால், சொல்வளத்தையும் பொது அறிவையும் வளர்க்க வேண்டும். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் பொருள் உணர்வதை எழுத்துக்கூட்டும் திறனும் மொழிப்புரிதலும் சேர்ந்த பெருக்கற்பலனாக விளக்கினார்கள். இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே பொருந்தாத தொகுப்புகள் பாதி கழிந்துவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கு, எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாகக் கற்பிக்கும் திட்டத்தையே தேடுங்கள். ஆங்கிலம் போல் எழுத்தும் ஒலிப்பும் எளிதில் பொருந்தாத மொழிக்கு இது இன்றியமையாதது; ஒலிகளை முறையாகக் கற்பிப்பது பலன் தருகிறது என்பதை அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கையும் உறுதிசெய்தது. ஒரு சோதனை சொல்கிறேன். படத்தில் குதிரை இருக்கிறது. கீழே 'ஹார்ஸ்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளையோ 'போனி' (மட்டக்குதிரை) என்று படிக்கிறது. படத்தைப் பார்த்து ஊகிக்கும் இந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கும் பாடநூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். கற்ற எழுத்துகளை மட்டும் கொண்டு பயிற்சிக் கதைகள் அமைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முறையாகக் கற்பித்தும் எழுத்துக்கூட்டுவது பிடிபடவில்லையென்றால், திட்டத்தை மாற்றிக்கொண்டே இராமல், டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று வல்லுநரிடம் காட்டுவது நல்லது.

நடுநிலை வகுப்புகளில் கவனம் இடம்மாறுகிறது. 'மையக்கருத்தைக் கண்டுபிடி' என்ற பயிற்சித்தாள்களே நிறைந்த நூல்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 1988-இல் வெளிவந்த ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்களின் ஆய்வில், வாசிப்புத்திறன் குறைந்தாலும் பேஸ்பாலை நன்கறிந்த மாணவர்கள், அந்த ஆட்டம் பற்றிய பகுதியை, அதை அறியாத நல்ல வாசகர்களைவிடச் சிறப்பாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே, வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு, நல்ல கதைகள் என முழு நூல்களைப் படிக்கவைக்கும் திட்டமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்துப் பயிற்சியில்தான் பெற்றோர் பெரிதும் அவசரப்படுகிறார்கள். என்ன சொல்வது, எப்படி எழுதுவது, எழுத்துப்பிழை வராமல் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்க ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது. ஆங்கிலேயக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923), படித்ததைப் பிள்ளை வாயால் திருப்பிச் சொல்வதையே தம் முறையின் மையமாக வைத்தார். பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், வாய்மொழியாகச் சொல்லுதல், அதன்பின் வாக்கியம், பத்தி, கட்டுரை என்று படிப்படியாக ஏறும் திட்டம் பிள்ளைக்குப் பளு தராது. மேல்வகுப்புகளுக்கான நூலில், எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுத இடம் தந்திருக்கிறார்களா, நல்ல கட்டுரைக்கு மாதிரி காட்டுகிறார்களா என்று பாருங்கள். இலக்கணத்தைப் பிள்ளையின் சொந்த வாக்கியங்களோடு இணைக்காத நூலில் விதிகள் தேர்வோடு மறந்துபோகும்.

இனி உங்கள் பக்கம். மாதிரிப் பாடம் கிடைத்தால் முதல் பாடத்தை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் ஒன்றை எடுத்துப் பிள்ளையோடு நடத்திப் பாருங்கள். முதல் பாடம் எல்லா நூல்களிலும் எளிதாகவே இருக்கும். எவ்வளவு நேரம் பிடித்தது, ஆசிரியர் கையேட்டை முன்னரே எத்தனை பக்கம் படிக்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், இலக்கியத்தையும் வாசிப்பையும் சேர்த்து நடத்திவிட்டு, எழுத்துக்கூட்டலையும் எழுத்துப் பயிற்சியையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் முழுத் தொகுப்பையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வாசிப்புக்கு ஐந்தாம் நிலையும் எழுத்துக்கு மூன்றாம் நிலையும் ஒரே பிள்ளையின் மேசையில் இருப்பதில் குறையொன்றும் இல்லை. வாங்கியபின் ஆறு வாரம் விடாமல் நடத்துங்கள். முதல் நாள் வைத்த அதே வாசிப்புச் சோதனையைப் புதிய பகுதிகளைக் கொண்டு மீண்டும் வைத்துப் பார்த்துவிட்டு, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவுசெய்யுங்கள்.