தலையில் அடிபட்ட பிள்ளையை எப்போது திரும்ப விளையாட விடலாம்?

திருகோணமலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். மெக்ஹெய்சர் அரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ இரண்டு பேர் ஒரே பந்துக்கு எழும்பி மண்டையோடு மண்டை மோதினால், ரத்தம் வந்தவனைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவார்கள். மற்றவனைத்தான் நான் பார்ப்பேன். அவன் எழும்பி நின்று, "எனக்கு ஒண்டுமில்ல சேர்" என்பான்.

அந்தப் பேச்சை நம்பி முடிவெடுக்காதீர்கள். விளையாட ஆசைப்படுகிற பதினாறு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதால் வரும் மூளை அதிர்ச்சி (concussion) வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதேயில்லை. எழும்பச் சுணங்குவது, நடையில் தள்ளாட்டம், எங்கள் கோல் எந்தப் பக்கம் என்று தடுமாறுவது, அவிழ்ந்த பூட்ஸ் கயிற்றைக் கட்டாமல் அதையே பார்த்தபடி இருப்பது, இவையெல்லாம் அடையாளம். நான் கேட்பவை சின்னக் கேள்விகள். இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் அடித்தது? போன மட்சில் வென்றோமா? ஒன்றுக்குப் பிழையான பதில் வந்தாலும் ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் இருந்தால் வெளியேதான். சந்தேகம் வந்தாலே போதும், அன்றைக்கு அந்தப் பிள்ளை மைதானத்துக்குள் திரும்பக்கூடாது, இறுதிப் போட்டியாக இருந்தாலும்.

கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு வில்லங்கம் உண்டு. தலையிடியும் வாந்தியும் வெயிலால் வந்தது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து இருத்திவிடுவார்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அப்படிச் செய்யாதீர்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் அல்லது விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம், கழுத்து நோ: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கழுத்து நோகிறது என்றால் பிள்ளையை அசைக்காமல் கிடத்தி வையுங்கள். இவை ஒன்றும் இல்லாத பிள்ளையையும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். சி.டி. ஸ்கேன் நல்லபடி வந்தால் பல பெற்றோர் 'பிரச்சினை இல்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது.

வீட்டுக்குச் சைக்கிளில் அனுப்பாதீர்கள், யாராவது கூட்டிப்போகட்டும். நித்திரை கொள்ள விடக்கூடாது என்று அம்மம்மாமார் சொல்வார்கள். வைத்தியர் பார்த்து அனுப்பிய பிள்ளைக்கு நித்திரை நல்லதுதான், தனியே மட்டும் விடவேண்டாம். நோவுக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், இபுபுரூஃபன் முதல் நாட்களில் வேண்டாம். இரண்டு நாள் ஃபோனைக் குறைக்கவேண்டும். ஆனால் இருட்டறையில் அடைத்து வைப்பது பழைய முறை. ஒன்றிரண்டு நாளில் முற்றத்தில் மெல்ல நடக்கலாம்.

முதலில் படிப்பு, அப்புறம்தான் பந்து. அரை நாள் பள்ளிக்கூடம், கொஞ்ச நாளைக்கு டியூஷன் இல்லை, பரீட்சைக்குக் கூடுதல் நேரம் என்று வகுப்பாசிரியரிடம் நேரே போய்ப் பேசுங்கள். சாதாரண தர வருடமென்றால் வீட்டில் பயம் வரும். தலையிடியோடு கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள்.

முழு நாளும் வகுப்பில் இருக்க முடிந்த பிறகு படிப்படியாக வரலாம்: நடை, மெதுவான ஓட்டம், தனியே பந்தோடு ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, வைத்தியர் சம்மதித்தால் முழுப் பயிற்சி, கடைசியாக மட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலையிடி கூடினால் முந்தைய படிக்கு இறங்கவேண்டும். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 21 நாளுக்கு முன் போட்டிக்கு விடுவதில்லை, மோதல் உள்ள பயிற்சிக்கு முன் 14 நாள் அறிகுறியே இல்லாமலும் இருக்கவேண்டும். நானும் அதையே பிடிக்கிறேன். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் பெரும்பாலும் இந்த வயதில்தான் அது நடக்கிறது.

அந்த நாட்களில் கடலில் குதிக்கவும் விடவேண்டாம். டச்பே கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் இதை வீட்டாரிடம் தனியாகச் சொல்லிவைப்பேன்.