மாதம் 12 குட்டி ஓவியம்: தலைப்புச் சவாலில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

ஒரு மாதத்துக்கான தலைப்புப் பட்டியல் இருக்கும். அன்றன்றைய தலைப்புக்கு ஒரு படம் வரைய வேண்டும். ஓவியச் சவால் என்பது இவ்வளவுதான். இவற்றில் பெயர்பெற்றது, அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தன்னுடைய மைக்கோட்டுப் பயிற்சிக்காகத் தொடங்கிய 'இங்க்டோபர்'. அக்டோபரின் 31 நாளும் நடக்கும். நீர்வண்ணம் தீட்டுபவர்களுக்கு ஜூலையில் உலக நீர்வண்ண மாதம் இருக்கிறது.

முதல் தடவை இறங்குகிற பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். கை வராததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே சிங்கப்பூரில் வேலை முடிந்து, எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பதரை மணிக்கு மேசைமுன் உட்கார்ந்தால், எந்தத் தாள், என்ன அளவு, எதை வரைவது, எந்த வண்ணம் என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பிக்கிறோம். யோசித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். அதனால் இந்தச் செய்முறையில் பாதி, தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் முடித்துவைக்க வேண்டிய வேலை.

படி 1: எத்தனை படம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

31 வேண்டாம். வாரத்துக்கு மூன்று, மாதத்துக்கு 12 போதும். இது சோம்பேறித்தனம் இல்லை. இங்க்டோபரின் விதிகளிலேயே நாள்விட்டு நாள் வரைவதற்கு 'அரை மராத்தான்' என்றும், வாரம் ஒன்று வரைவதற்கு '5 கிலோமீட்டர்' என்றும் இடம் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையைவிடக் கிழமை முக்கியம். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் அதை மாற்றாதீர்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வரைய வேண்டாம். அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடுங்கள். கடன் ஏற ஏறச் சவாலே வெறுத்துப்போகும்.

வேலைக்குப் போய்க்கொண்டே வரைய முடியுமா என்று கேட்பவர்கள் லிம் செங் ஹோவைப் பற்றித் தேடிப் படிக்கலாம். 1912 முதல் 1979 வரை வாழ்ந்தவர். பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் ஆற்றை நீர்வண்ணத்தில் வரைந்தவர். தேசியக் கலைக்கூடம் 2018இல் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது.

படி 2: தாளை மொத்தமாகக் கிழித்து வையுங்கள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) நீர்வண்ணத் தாளில் ஒரே ஒரு முழுத்தாள் வாங்குங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப்பொருள் கடைகளில் கிடைக்கும். பருத்தித் தாள் என்றால் நல்லது. முழுத்தாள் ஏறத்தாழ 56க்கு 76 செண்டிமீட்டர் இருக்கும். அதைப் பாதியாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, மறுபக்கமும் மடித்து அழுத்திவிட்டுக் கிழியுங்கள். கிழித்த துண்டுகளை மறுபடி பாதி, அதையும் பாதி என்று ஐந்து முறை செய்தால் 14க்கு 9.5 செண்டிமீட்டரில் 32 துண்டு வரும். அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் சிறியது. இந்த மாதத்துக்கு 12, கெடுத்துப் பழக 20. கெடுக்கத் தாள் இருக்கிறது என்று தெரிந்தாலே கை நடுங்காது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்தாறு முழுத்தாளாக வாங்கிக் குவிக்காதீர்கள். தாளின்மேல் வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் இருக்க ஒருவிதப் பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கிடந்து கிடந்து அது கெட்டுவிடும். பார்வைக்குத் தாள் நன்றாகத்தான் இருக்கும். வண்ணம் பட்டதும் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை. கிழித்த துண்டுகளை ஜிப் பைக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

படி 3: நான்கு வண்ணம், ஒரு தூரிகை

லெமன் எல்லோ, பெர்மனன்ட் ரோஸ், அல்ட்ராமரின் புளூ, பர்ன்ட் சியன்னா. இவை போதும். 8ஆம் எண் உருண்டைத் தூரிகை, நுனி கூர்மையாகச் சேர்வதாகப் பார்த்து எடுங்கள். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால், தண்ணீர் அதிகமானால் சாம்பல், குறைந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. 24 வண்ணப் பெட்டி வாங்கினால் ஒவ்வொரு ராத்திரியும் 24 கேள்வி.

படி 4: பட்டியலை நீங்களே எழுதுங்கள்

வெளிநாட்டுப் பட்டியல்களில் பனி, இலையுதிர்காலம், பூசணிக்காய் என்று வரும். வரைந்தால் தப்பில்லை, ஆனால் பார்த்து வரைய எதுவும் எதிரில் இருக்காது. தொடங்குபவருக்குக் கண்ணெதிரே பொருள் இருப்பதுதான் பாதி பலம். அதனால் இப்படி ஒன்று எழுதிப் பாருங்கள்: பசியாறல், மைனா, மூங்கில் கழி, பழத்தட்டு, செருப்பு, மழை, தேக்கா, சிவப்பு, கீழ்த்தளம், பூச்சரம், காத்திருப்பு, இரவு ஒன்பது மணி.

இதில் பாதிக்குமேல் கையால் தொடக்கூடிய பொருள்கள். தேக்கா (லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதி), கீழ்த்தளம் (அடுக்குமாடி வீடுகளின் அடியில் உள்ள திறந்தவெளித் தளம்) இரண்டும் இடங்கள். காத்திருப்பு மாதிரி பிடிபடாதவை ஒன்றிரண்டுதான். வேலைநாளில் பொருள், ஞாயிற்றுக்கிழமையில் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரியில் தேக்கா சந்தையை வரைய உட்கார்ந்தால் பத்தரை மணிக்கும் பென்சில்தான் கையில் இருக்கும்.

படி 5: தலைப்பைச் சின்னதாக்குங்கள்

எனக்குப் பிடித்த வேலை இதுதான். பேருந்தில் போகும்போதே செய்யலாம். தலைப்பு 'மழை' என்றால் மனதில் வருகிற ஐந்தை எழுதுங்கள். முதலில் குடை வரும், அடுத்து கண்ணாடியில் துளி. இவை எல்லாருக்கும் வரும். மூன்றாவதில் யோசிக்க வேண்டியிருக்கும். மழை தூறியதும் பத்தாவது மாடிச் சன்னலில் யாரோ துணியோடு மூங்கில் கழியை உள்ளே இழுப்பது. நான்காவது, பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையின் பூ ஓடுகள் நனைந்து நிறம் கூடிக் கிடப்பது. ஐந்தாவது, விரைவுச்சாலை மேம்பாலத்தின் அடியில் மோட்டார்சைக்கிள்காரர்கள் ஒதுங்கி மழைக்கோட்டு மாட்டுவது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் அது சிங்கப்பூர் மழை.

எடுத்ததையும் அப்படியே வரையாதீர்கள், இன்னும் வெட்டுங்கள். பத்துச் செண்டிமீட்டர் தாளில் ஒரு விஷயத்துக்குத்தான் இடம். லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் ரோட்டில் 'தான் தெங் நியா' வீடு இருக்கிறதே, 1900இல் கட்டியது, வானவில் நிறத்தில் பூசியது. நிறம் என்று தலைப்பு வந்தால் எல்லாரும் அங்கேதான் போவார்கள். போங்கள். ஆனால் வீட்டை விட்டுவிட்டு ஒரு சன்னல் கதவை மட்டும் வரையுங்கள்.

படி 6: ஒரு படம், தொடக்கம் முதல் முடிவு வரை

சரி, தலைப்பு பசியாறல். பொருள் கோப்பிக்கடைக் கோப்பை: பச்சைப் பூப்போட்ட தடித்த வெள்ளைப் பீங்கான், அடியில் தட்டு, உள்ளே கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பி. நேரில் வரைய நேரமில்லாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும் மேசையாகப் பாருங்கள். தலைக்கு மேலே குழல்விளக்கு மட்டும் இருந்தால் நிழல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, வெள்ளை, நடுத்தரம், அடர்த்தி என மூன்றே தரமாகப் பென்சிலில் பிரியுங்கள். இரண்டு நிமிட வேலைதான். கோப்பை வெள்ளை, மேசை நடுத்தரம், கோப்பி அடர்த்தி. இது தெளிவாகிவிட்டால் படம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். கோப்பையைப் பெரிதாக வரையுங்கள். தட்டின் ஒரு பக்கம் தாளுக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. வாய் நீள்வட்டமாக இருக்கும். அதன் இரு முனைகளும் கூராக வரக்கூடாது, வளைந்து திரும்ப வேண்டும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் திறந்துகொள்ளும் என்பதால், அடிப்பகுதியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அடியை நேர்கோடாகப் போட்டால் கோப்பை மேசையில் உட்காராது.

முதல் பூச்சு மேசைக்கு. பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் அல்ட்ராமரின், நிறையத் தண்ணீர். கோப்பையையும் தட்டையும் சுற்றி ஒரே மூச்சில் பூசுங்கள். கோப்பைக்கு வெள்ளை வண்ணம் கிடையாது, தாளே வெள்ளை. மேசை அடர்ந்ததும் கோப்பை தானாக எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

இனி காத்திருக்க வேண்டும். குளிர்சாதன அறையில் சீக்கிரம் காயும், மழைநாளில் சன்னலைத் திறந்துவைத்தால் காயவே காயாது. விரலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தாளுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைகுறை ஈரத்தில் அடுத்த பூச்சைப் போட்டால் விளிம்பு சிதறிய கறை விழும். பொறுமையில்லாதவர்கள் முடி உலர்த்தியை எடுத்துக்கொள்ளலாம், ஓர் அடி தள்ளிப் பிடித்து.

அடுத்தது கோப்பையின் நிழல் பக்கம். வெளிறிய அல்ட்ராமரினில் பேருக்குச் சியன்னா. ஒரு பக்கம் பூசிவிட்டு, தூரிகையைக் கழுவி, துணியில் ஒற்றி, அந்த ஈரத்தூரிகையால் நிழலின் உள்விளிம்பைத் தடவினால் உருண்டை வந்துவிடும். தட்டுக்கும் கோப்பையின் கீழே விழும் நிழலுக்கும் இதே வண்ணம், கொஞ்சம் கெட்டியாக. காய்ந்ததும் கோப்பி. சியன்னாவும் அல்ட்ராமரினும் தண்ணீர் அதிகமில்லாமல் கலந்து ஒரே தடவையில் நிரப்புங்கள். வாயோரத்தில் மெல்லிய பிறையாகத் தாளை விட்டுவைத்தால் அது பளபளப்பு. கடைசியில் பச்சைப் பூ: எல்லோவும் அல்ட்ராமரினும் கலந்து நாலைந்து தொடுகை. கோப்பையின் ஓரம் நெருங்க நெருங்கப் பூவைக் குறுக்குங்கள். இதழ் இதழாக எண்ணி வரைந்தால் கோப்பை தட்டையாகிவிடும்.

40 நிமிடம் ஆகியிருந்தால் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும் நேரம்தான் படம் கெடும் நேரம். டேப்பை, முழுதாகக் காய்ந்தபின், படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து உரியுங்கள்.

படி 7: முடிந்தபின்

வண்ணத்தட்டை ஈரத்தோடு மூடாதீர்கள். வண்ணத்தில் இருக்கும் கோந்தும் நம் காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் மூடுங்கள். படத்தின் பின்பக்கம் தேதியும் தலைப்பும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இடங்களுக்குத் தனியாகப் போய் உட்காரக் கூச்சமாக இருந்தால், அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர் குழுவினர் மாதந்தோறும் ஓரிடத்தில் கூடி வரைகிறார்கள். இந்த அமைப்பின் உலக மாநாடு 2015இல் இங்கேதான் நடந்தது. தொடங்குபவர்களும் வருவார்கள், யாரும் எட்டிப் பார்த்து மார்க் போடுவதில்லை. தேக்காவில் தனியாக உட்கார்ந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள், "எங்க கடையையும் வரைங்க தம்பி" என்பார்கள். வரைந்து கொடுத்துவிடுங்கள்.

மாதம் முடிந்ததும் பன்னிரண்டையும் தரையில் பரப்பி, திரும்ப வரைய ஆசைப்படும் மூன்றை எடுங்கள். அழகாக வந்தவை என்பதல்ல கணக்கு, மறுபடி வரைய ஆசை வர வேண்டும். அடுத்த மாதப் பட்டியலின் முதல் மூன்று தலைப்பு அவையே. மற்றவற்றை யாருக்காவது அனுப்பலாம். இந்த அளவு சாதாரண உறைக்குள் அடங்கிவிடும். அஞ்சலட்டை மாதிரி நேராகத் தபால்தலை ஒட்டிப் போட்டுவிடாதீர்கள். நீர்வண்ணம், ஒரு தூறலுக்கே கரைந்துவிடும்.