சிதோசேல சால்மன் மீன் பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல சிதோசேன்னு ஒரு ஊரு, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே. அங்க 1994ல தொறந்த ஒரு நன்னீர் அக்வேரியம் இருக்கு. அதுக்குக் கீழ இறங்கிப் போனா கண்ணாடி ஜன்னல் வச்ச ஒரு ரூம், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் தொட்டி கிடையாது, நெஜமான சிதோசே ஆறு. இத புரிஞ்சுக்காம போறதுதான் பெரிய தப்பு, ஏன்னா தொட்டி மீனு எப்ப போனாலும் இருக்கும், ஆத்து மீனு அதுக்குத் தோணுறப்பதான் வரும்.

ஜூன், ஜூலைல போயிட்டு ஒரு சால்மன் கூட இல்லையேன்னு வருத்தப்படாதீங்க. முட்டை போடறதுக்காக கடல்லேருந்து அது ஆத்துல ஏறி வர்றது ஆகஸ்ட் கடைசிலேருந்து டிசம்பர் வரைக்கும்தான், செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல டைம். பெரிய மழை பேஞ்ச மறுநாள் போகாதீங்க, தண்ணி கலங்கிக் கெடந்தா ஒண்ணும் தெரியாது.

அடுத்தது, மேல இருக்கற தொட்டியெல்லாம் நிதானமா பாத்துட்டு கீழ வந்து அஞ்சு நிமிஷத்துல செல்ஃபி எடுத்துட்டு கெளம்பறது. ப்ளீஸ், அரை மணி நேரமாவது நில்லுங்க. மொதல்ல பச்சையா வெறும் தண்ணிதான் தெரியும், அப்புறம் திடீர்னு ஒண்ணு வந்து ஓட்டத்த எதிர்த்து ஒரே எடத்துல வால ஆட்டிக்கிட்டு நிக்கும், ஒடம்புல ஊதாவும் சிவப்புமா பட்டை, ஆணுக்கு மூக்கு கொக்கி மாதிரி வளைஞ்சு, துடுப்பெல்லாம் கிழிஞ்சு. அய்யோ நோயாளி மீனுன்னு நெனைக்காதீங்க, ஆத்துக்குள்ள வந்ததுலேருந்து அது சாப்பிடவே சாப்பிடாது, ஒடம்புல இருக்கற கொழுப்ப எரிச்சுத்தான் இவ்ளோ தூரம் ஏறி வருது. அதுகிட்ட போய் கண்ணாடிய தட்டாதீங்க, ஃப்ளாஷும் வேண்டாம்.

வெளிய ஆத்துல சுத்துற இந்தியன் வாட்டர் வீல சும்மா அழகுக்கு வச்சதுன்னு தாண்டிப் போயிடறாங்க. பேர்ல இந்தியன்னு இருந்தாலும் நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அமெரிக்கால மீன் பிடிக்கற சக்கரத்தப் பாத்து 1896லயே இங்க கொண்டு வந்த முறை. மோட்டார் கிடையாது, ஆத்து வேகத்துலயே சுத்தி மீன அள்ளிப் போடும், அந்த மீனோட முட்டைய எடுத்துத்தான் குஞ்சு பொரிக்க வச்சு திரும்ப ஆத்துல விடறாங்க.

சீசன் முடிஞ்சா அந்த ரூம்ல ஒண்ணுமே இருக்காதுன்னு நெனைக்கறதும் தப்புதான். வசந்தத்துல போனா விரல் நீளம் கூட இல்லாத குஞ்சுங்க கூட்டமா அதே ஜன்னல் வழியா கடலுக்கு இறங்கிப் போயிட்டு இருக்கும்.